வெப்பத்திற்கு மூன்றே வழிகளா?

"வெப்பம் எத்தனை வழிகளில் பரவும்?" என்று உங்களை நள்ளிரவில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் விடை சொல்லிவிடுவீர்கள். கடத்தல், சலனம், கதிர்வீசல் என்று மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டும் ஆயத்தமாக இருக்கும். கொதிக்கும் குழம்பில் விட்ட எவர்சில்வர் கரண்டியின் காம்பு சுடுவது கடத்தல். உலைநீர் அடியிலிருந்து மேலெழுந்து சுழல்வது சலனம். எரியும் அடுப்பின் எதிரே நின்றால் முகம் காய்வது கதிர்வீசல். விடை சரியானது, முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். அதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை.

என்னுடைய வழக்கு வேறு. இந்த மூன்றையும் மூன்று தனி அறைகளாக நாம் மனத்தில் கட்டிக்கொள்கிறோம். அறைகளுக்கு இடையே கதவே இல்லை என்றும் நம்பிவிடுகிறோம். இயற்கை அப்படிச் சுவர் எழுப்பவில்லை. சுவர் நாம் எழுப்பியது. இதைத்தான் இக்கட்டுரையில் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு மாணவியின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் மன்றக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். வெப்பம் பற்றிப் பேசி முடித்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஐயா, சூடான பொருள் எல்லாம் கதிர் வீசும் என்கிறீர்கள். கம்பியின் உள்ளே இருக்கும் அணுக்களும் சூடாகத்தானே இருக்கின்றன? அவையும் ஒன்றுக்கொன்று கதிர் வீசிக்கொள்ளாதா? அப்படியானால் கடத்தலுக்கு உள்ளேயே கதிர்வீசலும் இருக்க வேண்டுமே?"

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "பாடத்தில் இல்லாததை எல்லாம் கேட்காதே அம்மா, உட்கார்" என்றார். மாணவி உட்கார்ந்துவிட்டாள். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீடு திரும்பும்போதுதான் உறைத்தது: அன்று அந்த அரங்கில் கேட்கப்பட்டவற்றுள் மிகச் சிறந்த கேள்வி அதுதான். அதற்கு விடை சொல்லாமல் வந்துவிட்ட குறை இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்த விடையை இப்போது சொல்கிறேன்.

கம்பியில் நடப்பது என்ன?

இரும்புக் கம்பியின் உள்ளே பிறக்கும் கதிர் மிகச் சிறிய தொலைவுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். உலோகத்தில் வெப்பத்தைச் சுமப்பவை பெரும்பாலும் கட்டற்ற எலக்ட்ரான்கள். ஆகவே இரும்பைப் பொறுத்தவரை கதிர்வீசலைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் பிழை இல்லை. ஆனால் கண்ணாடித் தொழிற்சாலை உலையில் உருகிக் கிடக்கும் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கண்ணாடியின் உள்ளே கதிராகச் செல்லும் வெப்பத்தைச் சேர்க்காமல் கணக்கிட்டால் விடை பெரிதும் தவறிப்போகும். அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு இது நன்கு தெரிந்த செய்தி. மாணவியின் கேள்விக்கு முதல் விடை இதுவே: "ஆம், இருக்கிறது. சில பொருள்களில் மிகக் குறைவு. சிலவற்றில் மிக அதிகம்."

இரண்டாவது விடை இன்னும் சுவையானது. அதற்கு மின்காப்புப் பொருள்களுக்குள் நுழைய வேண்டும்.

மின்காப்புத் திண்மங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று வில்லால் பிணைத்தவை போல் கட்டுண்டு நிற்கின்றன. ஓர் அணு ஆடினால் அடுத்ததும் ஆடும். இந்த ஆட்டம் அலையாகப் பரவுகிறது. அந்த அலையின் ஆற்றல் சிறு சிறு பொட்டலங்களாகவே அமையும். ஒரு பொட்டலத்திற்குப் 'போனான்' என்று பெயர். போனான்கள் ஓடி, மோதி, சிதறி, மீண்டும் ஓடி வெப்பத்தைச் சுமக்கின்றன.

ஒரு சிறு கணக்குப் போடுவோமா? வெப்பங்கடத்து திறன் என்பது, ஏறத்தாழ, ஒரு கன மீட்டரின் வெப்ப ஏற்புத்திறன், அலையின் வேகம், மோதலின்றி ஓடும் தொலைவு ஆகிய மூன்றையும் பெருக்கி 3-ஆல் வகுத்தது. சிலிக்கா கண்ணாடிக்குக் கடத்து திறன் 1.4 வாட்/மீட்டர்-கெல்வின். ஒரு கன மீட்டரை ஒரு கெல்வின் சூடாக்க ஏறத்தாழ 16 லட்சம் ஜூல் வேண்டும். அலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 4000 மீட்டர். வகுத்துப் பாருங்கள்: மோதலின்றி ஓடும் தொலைவு ஏறத்தாழ 0.65 நானோமீட்டர் என்று வரும். அங்கே சிலிக்கனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பின் நீளம் 0.16 நானோமீட்டர். அதாவது நான்கு பிணைப்புத் தொலைவு போவதற்குள் அலை சிதறிவிடுகிறது! கண்ணாடி வெப்பத்தை மோசமாகக் கடத்துவதற்குக் காரணம் இதுதான்.

சிலிக்கன் படிகம் அப்படியன்று. அதன் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் போனான்கள் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் ஓடுகின்றன. அறை வெப்பநிலையில் கடத்து திறன் ஏறத்தாழ 148. ஆனால் அதே சிலிக்கனை 50 நானோமீட்டர் தடிமனுள்ள மென்படலமாக்கினால்? போனான்கள் ஓட இடம் இல்லை. மேற்பரப்பில் முட்டிச் சிதறுகின்றன. கடத்து திறன் சரிகிறது. எல்லைச் சுவர்களில் முட்டும் போனான்களின் கணக்கைக் காசிமிர் 1938-லேயே எழுதிவிட்டார். பொருள் மெலிந்தால் வெப்பம் செல்வது கடினமாகும் என்பது விதி போல ஆகிவிட்டது. கணிப்பொறிச் சில்லுகளின் உறுப்புகள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே வர, உள்ளே பிறக்கும் வெப்பத்தை வெளியேற்றுவது பொறியாளர்களுக்குப் பெருந் தலைவலியாகவும் ஆகிவிட்டது.

உப்புப் படிகம் சொன்ன செய்தி

இப்போது நம் வீட்டு உப்பை எடுத்துக்கொள்வோம். அதில் சோடியம் நேர்மின் அயனி. குளோரின் எதிர்மின் அயனி. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஆடினால் என்ன ஆகும்? நேர்மின்னும் எதிர்மின்னும் விலகி நெருங்கி, விலகி நெருங்கி அசையும். மின்னூட்டங்கள் அப்படி அசைந்தால் மின்காந்த அலை எழும் என்பது நீங்கள் படித்ததே. மறுதலையாக, வெளியிலிருந்து வரும் அகச்சிவப்பு அலையும் அயனிகளைப் பிடித்து ஆட்டும். இப்படி நேர், எதிர் மின்னூட்டங்கள் பிரிந்து நிற்கும் அணுக்களால் ஆன பொருள்களை 'முனைவுறு பொருள்கள்' என்கிறோம். உப்பு, சிலிக்கா, சிலிக்கன் நைட்ரைடு, சிலிக்கன் கார்பைடு ஆகியவை அத்தகையவை. தூய சிலிக்கன் அப்படி அன்று. அதில் எல்லா அணுவும் ஒரே இனம்.

முனைவுறு படிகத்திற்கு விந்தையான ஒரு குணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் பட்டையில் வரும் அகச்சிவப்புக் கதிரை அது உள்ளே விடாது. கண்ணாடி முகம் காட்டுவது போல் திருப்பி அனுப்பிவிடும். பல படிகங்களில் மாறி மாறி எதிரொளிக்கச் செய்தால் மற்ற கதிர்கள் எல்லாம் கழிந்து இந்தப் பட்டை மட்டும் மிஞ்சும். எனவே இவற்றை 'மிச்சக் கதிர்கள்' என்றார்கள். 1900-இல் பெர்லினில் ரூபன்சும் குர்ல்பாமும் பாறை உப்பின் 51.2 மைக்ரோமீட்டர் மிச்சக் கதிரையும் புளோரைட்டின் மிச்சக் கதிர்களையும் கொண்டு, சூடான கரும்பொருள் வீசும் நீண்ட அலைகளை அளந்தார்கள். அந்த அளவுகள் அன்றைய சமன்பாட்டோடு ஒத்துவரவில்லை. அதைக் கேட்ட பிளாங்க் புதிய சமன்பாடு ஒன்றை வகுத்து 1900 அக்டோபர் 19 அன்று வெளியிட்டார். குவாண்டம் இயற்பியலின் வாசலைத் திறந்ததில் உப்புப் படிகத்துக்கும் பங்கு உண்டு!

மேற்பரப்பைப் பற்றிச் செல்லும் அலை

படிகத்தின் ஆட்டமும் மின்காந்த அலையும் இவ்வாறு பின்னிக்கொண்டால், அதை ஆட்டம் என்பதா, ஒளி என்பதா? இரண்டும் கலந்த ஒன்று அது. இந்தக் கலப்பை 1951-இல் சீன இயற்பியலறிஞர் குவாங் குன் சமன்பாடுகளில் வடித்தார். 'போலாரிட்டான்' என்ற சொல்லை 1958-இல் ஹாப்பீல்டு வழங்கினார். (இவர்தான் பின்னர் 2024-இல், செயற்கை நரம்பு வலைகள் பற்றிய பணிக்காக நோபல் பரிசு பெற்றவர்.) 1965-இல் ஃபுக்சும் கிளீவரும், அயனிப் படிகத் தகடு ஒன்றில் இத்தகைய அலைகள் எவ்வாறு அமையும் என்று கணக்கிட்டார்கள். அவற்றுள் சில, தகட்டின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டே செல்வன என்று தெரிந்தது.

குளத்தில் கல்லை எறிந்தால் எழும் அலையை நினைத்துக்கொள்ளுங்கள். நீரின் ஆட்டம் மேற்பரப்பில்தான் மிகுதி. ஆழம் செல்லச் செல்ல அடங்கிவிடும். மேற்பரப்புப் போலாரிட்டானும் அப்படியே. எல்லைக்கோட்டில் வலுவாக இருக்கும். படிகத்தின் உள்ளேயும் வெளியே காற்றிலும் விலகிச் செல்லச் செல்லத் தேய்ந்துவிடும். எல்லையை ஒட்டியே அது ஓடும்.

இதற்கும் வெப்பத்துக்கும் என்ன தொடர்பு? வீன் விதியைப் பயன்படுத்துங்கள். 2898-ஐ 300-ஆல் வகுத்தால் 9.7. அதாவது அறை வெப்பநிலையில் உள்ள பொருள் மிகுதியாக வீசும் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். சிலிக்காவின் வலுவான அதிர்வுப் பட்டை ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டரில் இருக்கிறது. பார்த்தீர்களா! இந்த அலைகளை எழுப்பத் தனியாக ஒரு கருவி வேண்டியதில்லை. பொருளின் சாதாரண வெப்பமே போதும். சூடான முனையில் அயனிகள் மிகுதியாக ஆடுகின்றன. மிகுதியான அலைகள் புறப்படுகின்றன. குளிர்ந்த முனையிலிருந்து வருபவை குறைவு. கூட்டிக் கழித்தால் வெப்பம் சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைக்குச் செல்கிறது.

ஒரு தடித்த கட்டியில் இந்த அலை கொண்டு செல்லும் வெப்பம் போனான்கள் கொண்டு செல்வதன் முன் ஒன்றுமே இல்லை. மென்படலத்தில்தான் கதை மாறுகிறது. படலம் மெலிந்தால் மேல் முகத்து அலையும் கீழ் முகத்து அலையும் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. அவ்வாறு இணைந்த அலைகளில் ஒரு வகை, தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் படலத்துக்கு வெளியே காற்றில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. படலம் வெறும் தண்டவாளம் போல வழிகாட்டுகிறது. அலையை உறிஞ்சி அழிப்பது பொருள்தான். பொருளுக்குள் இருக்கும் பங்கு குறைந்தால் அழிவும் குறையும். எனவே அலை நெடுந்தூரம் ஓடும். கணக்குகளின்படி இந்தத் தூரம் மில்லிமீட்டரையும் தாண்டும். போனான் ஓடிய 0.65 நானோமீட்டரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! பத்து லட்சம் மடங்குக்கும் மேல்.

2005-இல் அமெரிக்காவில் சென், நாராயணசுவாமி, சென் ஆகிய மூவர் ஒரு கணிப்பை வெளியிட்டனர். 40 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கா படலத்தின் கடத்து திறன் 500 கெல்வினில் 4 வாட்/மீட்டர்-கெல்வின் ஆக இருக்கும்; அதாவது போனான்கள் மட்டும் தருவதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றனர். மெலிந்தால் குறையும் என்பது பழைய பாடம். மெலிந்தால் கூடலாம் என்பது இவர்கள் கணிப்பு. அளந்து பார்ப்பது எளிதாக இல்லை. 2019-இல் சிலிக்கா மென்படலங்களில் சோதனைச் சான்று வெளிவந்தது. 2020-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அந்தரத்தில் நிற்கும் சிலிக்கன் நைட்ரைடுச் சவ்வுகளை அளந்தார்கள். 50 நானோமீட்டரை விட மெல்லிய சவ்வுகளின் கடத்து திறன், வெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 800 கெல்வினுக்கு ஏறியபோது இரு மடங்காயிற்று. தடித்த சவ்வுகளில் அவ்வாறு உயரவில்லை. கணிப்பு பிறந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழித்து இந்தச் சான்றுகள் வந்தன.

ஆரவாரம் வேண்டாம்

இதைப் படித்தவுடன், "இனிச் சில்லுகளின் சூடு தீர்ந்தது" என்று நீங்கள் துள்ளிக் குதிக்க வேண்டாம். கணக்குப் போடுவோம். தலைமுடியின் தடிமன் போல் 100 மைக்ரோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட 40 நானோமீட்டர் படலம். இரு முனைகளுக்கும் இடையே 10 கெல்வின் வேறுபாடு. கடத்து திறனைத் தாராளமாக 4 என்றே வைப்போம். கிடைப்பது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் 1.6 பங்கு, அதாவது 1.6 மைக்ரோவாட். அவ்வளவுதான்! செம்பின் கடத்து திறனோ ஏறத்தாழ 400. மேலும், இந்தச் சோதனைகள் அந்தரத்தில் தொங்கும் படலங்களில் செய்யப்பட்டவை. சில்லின் உள்ளேயோ படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி அடுக்கப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் பயன் இல்லையா என்று கேட்பீர்கள். செம்பைக் கம்பிகளுக்கு இடையே நிரப்ப முடியாது. மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும். அங்கே மின்காப்புப் படலம் இருந்தே தீர வேண்டும். அந்தப் படலங்களோ பெரும்பாலும் சிலிக்கா, சிலிக்கன் நைட்ரைடு போன்ற முனைவுறு பொருள்கள். எப்படியும் இருக்க வேண்டிய ஒன்று, வெப்பத்தையும் சிறிது கூடுதலாகச் சுமக்குமானால் நல்லதுதானே? இவ்வளவே இன்று நேர்மையாகச் சொல்லக்கூடியது. அறிவியல் செய்தியைப் பெருக்கிச் சொல்வதும், கேள்வி கேட்ட மாணவியை உட்காரச் சொல்வதும் ஒரே தவற்றின் இரண்டு முகங்கள் என்பது என் கருத்து. இரண்டிலும் அளந்து பார்க்கும் பொறுமை இல்லை.

என் வேண்டுகோள்

இனி மூன்று அறைகளுக்குத் திரும்புவோம். மேற்பரப்புப் போலாரிட்டான் எந்த அறையில் சேரும்? அது செல்லப் பொருள் வேண்டும். ஆகவே கடத்தல் போலிருக்கிறது. அதன் ஆற்றல் பெரும்பாலும் மின்காந்தப் புலமாக வெளியே ஓடுகிறது. ஆகவே கதிர்வீசல் போலிருக்கிறது. உண்மையில் அது இரண்டு அறைகளுக்கும் இடையே இருந்த கதவு. அந்த மாணவி தட்டியது இந்தக் கதவைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடத்து திறன் என்பது ஒவ்வொரு பொருளுக்கும் உரிய மாறாத எண் என்று அட்டவணையில் படிக்கிறோம். மென்படலத்திலோ அது தடிமனைப் பொறுத்து மாறுகிறது. அலை ஓடும் தூரம் படலத்தின் நீளத்தை விடப் பெரிதாகிவிட்டால், நீளத்தைப் பொறுத்தும் மாறும். 1822-இல் ஃபூரியே தம் நூலில் விதியை வகுத்தபோது அவர் கண்முன் இருந்தவை கையால் தொட்டு அளக்கக்கூடிய பொருள்கள். அங்கே அவ்விதி இன்றும் பொய்க்கவில்லை. அதை நாம் எல்லையின்றி நீட்டினால், பிழை ஃபூரியேயினுடையது அன்று, நம்முடையது.

"பள்ளி மாணவர்களுக்குப் போலாரிட்டான் எல்லாம் தேவையா? இருக்கும் பாடமே சுமை" என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நானும் புதிய பாடம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்கிறேன்: "இந்தப் பகுப்பு நாம் அன்றாடம் கையாளும் அளவுள்ள பொருள்களுக்குப் பொருந்தும், மிகச் சிறிய அளவுகளில் இவ்வழிகள் ஒன்றோடொன்று கலக்கும்." இவ்வளவு போதும். இந்த ஒரு வரி, கேள்வி கேட்கத் தயங்கும் மாணவனுக்கு இடம் தரும். தேர்வில் மதிப்பெண் குறையாது. தேர்வுக்கு அப்பாலும் ஓர் உலகம் உண்டு என்ற எண்ணம் வளரும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த விதியைப் படித்தாலும் அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதி வையுங்கள்: "எந்த அளவு வரை? எந்த வெப்பநிலை வரை?" ஓமின் விதிக்கும் எழுதுங்கள், பாயிலின் விதிக்கும் எழுதுங்கள். விடை உடனே கிடைக்காது. உங்கள் ஆசிரியருக்கும் தெரியாமல் இருக்கலாம். எனக்கும் அன்று தெரியவில்லை. தெரியாது என்று சொல்வதில் இழுக்கு இல்லை. கேட்காதே என்று சொல்வதில்தான் இழுக்கு.

அந்த மாணவி இப்போது எங்கே படிக்கிறாளோ அறியேன். இந்தப் பக்கம் அவள் கண்ணில் பட்டால் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: அவள் கேட்டது பாடத்தில் இல்லாத கேள்விதான். ஆனால் அறிவியலில் இருந்த கேள்வி.